பழைய மண்ணில் ஒரு வேர்

ஒஸ்லோவில் ஒரு மண் ஆய்வுகூடத்தில் சில வாரங்கள் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன். நகரின் ஓரத்தில், புருசெத்தில், எங்கள் பக்கத்து மாடிக் கட்டடத்தில் இருந்த அக்கா ஒருவர் அங்கே வேலை செய்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, வெள்ளை அங்கிக்கு மேல் கம்பளிச் சால்வை. காய்ந்த மண்ணைத் தட்டில் பரப்பி, வேரையும் வைக்கோலையும் இடுக்கியால் பொறுக்குவார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார்.

“அதுவும் மண்ணாத்தானே போகும்? ஏன் அக்கா எடுக்கிறியள்?”

“இது போன வருசத்துக் கோதுமை. இதிலை கனக்க, உக்கேக்கை காத்தாய்ப் போயிடும். உக்கி மண்ணிலை மிஞ்சுற காபனை, கரிச்சத்தைத்தான் அளக்கிறம். இதையும் விட்டால், நிலம் தேறீட்டுதெண்டு பொய்க்கணக்கு வரும்.”

ஒருநாள், அந்த மண் வந்த அதே வயலில் நாங்கள் பிறக்குமுன் எடுத்துப் பத்திரப்படுத்திய மண் ஒரு போத்தலில் வந்தது. புதிய மண்ணுக்குப் பக்கத்தில் அதைக் கொட்டினார். பழையது கருமையாக இருந்தது. புதியது வெளிறிக் கிடந்தது. பழையதைக் கிளறியபோது, அன்று யாரோ பொறுக்கத் தவறிய நூல்போன்ற வேர் ஒன்று அகப்பட்டது. நெடுநேரம் பார்த்தார்.

“இந்தக் கோதுமையிலை பாண் சாப்பிட்ட ஆக்கள் இப்ப இருக்கினமோ தெரியாது.”

குப்பைக்கூடை வரை போன கை திரும்பி வந்தது. வேரைக் கடதாசியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

கணக்கில் ஒரு தும்பையும் விடாத மனுசி, அதை மட்டும் எதற்கு வீட்டுக்குக் கொண்டுபோனார்? அன்று ரயிலில் பக்கத்தில்தான் இருந்தேன். புருசெத் வரும்வரை அவர் அந்தக் கைப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை.