பச்சை மலை கரைந்த கணக்கு

அப்பா இந்தோனேசியாவிலிருந்து முதல் லீவில் வந்தபோது, லுங்கிக்குள் சுற்றி ஒரு பச்சைக் கல்லைக் கொண்டுவந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்தவர், அங்கே நிக்கல் உருக்கும் ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தார். பருத்திப்பட்டில் எங்கள் குடும்பத்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள்.

“இன்னா அண்ணி, தங்கம் எடுத்தாருவாருன்னு பாத்தா எங்கண்ணன் கல்லத் தூக்கினு வந்துகீறாரு!” என்று அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் கல்லைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. “இத்த உருக்கித்தான் நைனா நிக்கல் எடுக்குறாங்கோ. அங்க மலையே இதான்” என்றார் அப்பா.

“எப்போப்பா ஒரேடியா வந்துடுவே?”

“மலை தீந்ததும் வந்துடறேன்.”

விளையாட்டாகச் சொன்னார். நான் அதை எழுதி வாங்கிக்கொண்டதுபோல நம்பினேன்.

அவர் கிளம்பிப் போனபின் கல் வெளிறிப்போனதாகத் தோன்றியது. நாக்கை வைத்தால் ஒட்டிக்கொண்டது. எச்சில் பட்ட இடம் மட்டும் பழைய பச்சைக்குத் திரும்பியது. முழுக்கப் பச்சையாகட்டும் என்று ஒருநாள் காலை சொம்புத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கல்லைக் காணோம். அடியில் பச்சைச் சேறு.

முதலில் அழுகை வந்தது. பிறகு பளிச்சென்று ஒன்று புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்ததும் முதல் ஆளாகப் பிடுங்கிக் கேட்டேன்.

“அங்க மழை பெய்யுதாப்பா?”

“ஐய, தெனம் கொட்டுது நைனா. இன்னாத்துக்கு?”

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் இரண்டு சுற்று ஓடினேன்.

அந்தக் கல்லின் பெயர் கார்னியரைட் என்று பின்னாளில் கல்லூரியில் படித்தேன். அதில் சில வகை தண்ணீரில் உதிரும் என்பதும் தெரிந்தது. அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அன்று ஓடி முடித்து மூச்சிரைக்க வந்து, மலை கரையப்போகிற சேதியை அம்மாவிடம் சொன்னேன். அவள் சொம்பின் சேற்றைப் புடவைத் துணியில் வடிகட்டினாள். மாடி வெயிலில் காயவைத்து, ஒரு துளி சிந்தாமல் குங்குமச் சிமிழில் அள்ளி வைத்தாள்.

கரைந்தால் நல்லதுதானே, இவள் ஏன் இதைப்போய்ச் சேர்த்து வைக்கிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சல்.