முதிரைப் பலகையில் காலடி

தீவுப் பக்கத்துச் சுருவில் ஊரில் எங்கள் வீட்டுச் சீமெந்து நிலம் உப்புப் பூத்து உரியத் தொடங்கியபோது என் மனைவியின் கண்களும் மங்கிக்கொண்டிருந்தன. சலரோகம், இரத்தத்தில் சீனி கூடி வந்த வினை. ஓரத்துப் பார்வை முதலில் போனது. நான் வெறுங்காலோடு பக்கத்தில் போய் நின்றால் திடுக்கிட்டு நெஞ்சைப் பிடிப்பாள். பூனை மாதிரி வந்து நிற்க வேண்டாம் என்று கோபிப்பாள். பலகை போட்டால் நான் வருவது கேட்கும் என்று முதலில் சொன்னது அவள்தான்.

நான் லமினேட் பக்கம், மரக்கோடு அச்சடித்த அட்டைப் பலகை. முதிரை மரத்துப் பலகை என்றால் விலை கூட, கறையான் பயம் வேறு. லமினேட்டை இரண்டு நாளில் கோத்துவிடுவார்கள், பார்வைக்கும் மரம்தான். பார்வைக்கு மரம்தானே, பார்வைக்கு மரம்தானே என்று அவளிடமே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு காலையில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளையாகி, பஸ் எங்கும் போகாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தது. பாலம் வந்துவிட்டதா என்று கேட்டாள். யன்னலோரம் இருந்தவள் அவள்தான். ஓம் என்றேன்.

பலகைக் கடை வாசலில் செருப்பைக் கழற்றினோம். தேவையில்லை, போட்டுக்கொண்டே வாருங்கள் என்று கடைக்காரர் சொன்னார். புது நிலத்தில் செருப்போடு ஏற எங்கள் கால் சம்மதிக்குமா? ஒரு பக்கம் லமினேட், மற்றப் பக்கம் சட்டங்களின் மேல் ஆணியடித்த முதிரை. அவள் ஒரு கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு என்னை இரண்டிலும் நடக்கச் சொன்னாள். கலியாண மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு நடந்தேன். பிறகு கடைக்காரரையும் நடக்க வைத்தாள்.

"லமினேட்டிலை ஆர் நடந்தாலும் ஒரே சத்தம்," என்றாள். "மற்றதிலை நீங்கள் வாறது தெரியுது."

முதிரையே முடிவானது. ஈரத் துணியால் துடைக்கலாம், தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது என்று கடைக்காரர் இரண்டு தரம் சொன்னார்.

பலகை போட்ட பிறகு வந்த மாதங்கள் கனவு மாதிரிப் போயின. ஹோலில் நான் எந்த மூலையில் நின்றாலும் அவள் முகம் சரியாக என் பக்கம் திரும்பும், சிரிப்பாள். கண் கொஞ்சம் தெளிந்துவிட்டது என்று நம்பினேன். அந்தச் சிரிப்புக்காகவே காரணமில்லாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

பிறகு கோயிலில் கொடியேறும் நாள் வந்தது. கொடியேற முதல் வீடு கழுவாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். வழக்கமாக அவள் செய்கிற வேலை. அவளால் ஏலாது என்று நானே கிணற்றில் அள்ளி, மஞ்சள் கரைத்து, தும்புத்தடியால் தேய்த்துத் தேய்த்து நாலு வாளி ஊற்றினேன். கடைக்காரர் சொன்னது ஒரு சொட்டும் நினைவில் இல்லை. கை தன்பாட்டில் செய்தது.

சில நாளில் பலகைகள் அப்பளம் மாதிரி வளைந்து எழும்பின. கடைக்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கழற்றி, காயட்டும் என்று நிழலில் அடுக்கிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் பழைய சீமெந்தில் வெறுங்காலோடு தேத்தண்ணி கொண்டு போனேன். அவள் கதிரையில் இருந்தாள். நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில் நின்றேன். சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்?"

தேத்தண்ணி கையில் ஊற்றுண்டது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். என் குரல் அவ்வளவு கிட்டக் கேட்டதில் திடுக்கிட்டாள். பிறகு, பலகை போட்டு ஒரு மாதத்திலேயே முழுக்கப் போய்விட்டது, சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று சொல்லவில்லை என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் கையை நீட்டி, தடவி, என் கையைப் பிடித்தாள்.

"பலகையிலை நீங்கள் வந்தால் உங்களைப் பாக்கிற மாதிரித்தான் இருந்தது," என்றாள். "எப்ப திரும்பப் போடுவினம்?"