தரையில் புலி, கம்பளத்தில் பூனை

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் அவளை இடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஜன்னல் திறக்கும். ரகசியம் சொல்கிறேன் என்று அவள் ஒருவர் காதருகே குனிந்தால், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவருக்கும் அந்த ரகசியம் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, ஊசி விழுந்தால் கேட்கிற இடத்தைச் சுத்தம் செய்யும் வேலை. பதினான்கு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தாள்.

புத்தகங்களை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்யும் இடம் அது. வாசிக்கும் அறைகள் இரண்டு, நடுவே கருவிகள் நிறைந்த அறை ஒன்று. எதிரொலி வரக்கூடாது என்பதற்காக மூன்றிலும் தரை முழுக்கத் தடித்த கம்பளம் ஒட்டியிருந்தார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை அவளுடைய ராஜ்ஜியம். ஒன்பது மணிக்குக் கதவு மேல் சிவப்பு விளக்கு எரிந்ததும் வாய்க்குப் பூட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விடுவாள். அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டே, கதவிடுக்கில் கசிந்து வரும் கதைகளைக் கேட்பாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. காதால் படித்த புத்தகங்களோ நூறைத் தாண்டும்.

ஒரு புதன்கிழமை வம்பு வந்தது. அன்றைக்கு வாசித்தவர் நல்ல கனமான குரலுக்குச் சொந்தக்காரர். கதையில் ஒரு அரசர் சாகக் கிடக்கிறார். மகளைக் கூப்பிட்டு, "இந்த நாட்டை..." என்று அவர் தொடங்கும் இடத்தில் வாசிப்பவருக்கு ஒரு தும்மல். மறுபடி தொடங்கினால் மறுபடி தும்மல். மதியத்துக்குள் பதினொரு தும்மல் ஆகியும் அரசர் சாகவில்லை. வாசிப்பவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "மன்னிக்கணும், உள்ளே உட்கார முடியல. ஒரே தூசி" என்றார்.

கூடத்தின் முதலாளியம்மா உள்ளே போய்க் குனிந்து, கம்பளத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். விளக்கு வெளிச்சத்தில் புகைபோல எழுந்தது தூசி. வாசலில் நின்ற இடியக்காவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அன்று காலைதான் அந்த இடத்தை வேக்குவம் கிளீனரால் மூன்று முறை இழுத்திருந்தாள்.

முதலாளியம்மா கோபக்காரர் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் தோள் வலி, முன்ன மாதிரி தேய்க்க முடியாது. திங்கட்கிழமை மதியத்துலேருந்து வெளி ஆளுங்க வந்து கார்ப்பெட்டைப் பார்த்துக்கட்டும். மத்த வேலையெல்லாம் நீங்கதான்."

"தோள்ல ஒண்ணும் இல்லம்மா. மெஷின் சரியில்ல" என்றாள் இடியக்கா.

"வாங்கி எட்டு மாசம்தானே ஆகுது? வராந்தாவுல நல்லாத்தானே இழுக்குது?"

உண்மைதான். வராந்தாவின் வழுவழுத் தரையில் அந்த வேக்குவம் கிளீனர் புலி. மைக் தாங்கியிலிருந்து கழன்று அங்கே உருண்டு வந்த திருகாணியைக்கூட ஒருமுறை விழுங்கியிருக்கிறது. கம்பளத்தில் ஏறியதும் பூனையாகிவிடும். இரைச்சல் மட்டும் குறையாது. பிஸ்கட் துணுக்குகளின் மேல் நாலுமுறை போனாலும் அவை இருந்த இடத்தில் இருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்பதுதான் அவளுக்கு இருந்த பயம். இடியக்கா பேசாமல் போனதைப் பார்த்து முதலாளியம்மாவுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்கே வந்து மெஷினைப் பிரித்துப் போட்டாள். உள்ளே இருந்த பை பாதிகூட நிறையவில்லை. ஆனாலும் புதுப் பை மாட்டினாள். ஃபில்டரை எடுத்துத் தட்டி, கழுவி, காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துத் திருப்பிப் பொருத்தினாள். குழாயைக் கழற்றி ஒரு முனையில் கண்ணை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. எங்காவது கிழிந்திருக்குமோ என்று நீளத்துக்கும் தடவினாள். கிழிசல் இல்லை. மெஷினை ஓட்டிக் குழாய் முனையில் உள்ளங்கையை வைத்தால் தோலையே பிடுங்கிக்கொண்டு போவதுபோல் இழுத்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கம்பளத்தில் வைத்தால் மட்டும் மக்கர்.

மிச்சமிருந்தது ஒரே வழிதான். இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். மெஷின் முனகியது. லேசாக ரப்பர் தீயும் வாடைகூட வந்தது. தூசி வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் அவள் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார். மிச்ச ஒன்பதையும் அவர் பங்குக்கு இவள் பேசிவிடுவாள். அன்று அவளும் பேசாமல் உட்கார்ந்திருந்தது அவருக்குக் கலக்கமாக இருந்தது.

"என்ன, மழை நின்னுடுச்சு?" என்றார்.

"பேசாம தேயுங்க. நாலு நாள்ல என்னை ஓரம் கட்டப் போறாங்க."

நடந்ததைச் சொன்னாள். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். தைலம் தீர்ந்த பிறகும் கை நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒலிப்பதிவுக்காரர் வந்துவிட்டார். நாற்பது வயது மனிதர், தலை முழுக்க வழுக்கை, காது மட்டும் பாம்புக்காது. பையைக்கூட இறக்காமல் அறை வாசலில் நின்றார்.

"அக்கா, நிறுத்துங்க. இப்போ மறுபடி போடுங்க."

போட்டாள்.

"முன்னாடி இதுல ரெண்டு சத்தம் வரும்க்கா. மேல ஒரு விசில் மாதிரி, அடியில ஒரு வண்டு மாதிரி. இப்போ விசில் மட்டும்தான் இருக்கு. வண்டைக் காணோம்."

"என்ன தம்பி, மெஷினுக்கும் சுருதி பாக்குறீங்களா?"

"வாங்க, காட்டுறேன்."

கருவி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை அவள் கொண்டை கலையாமல் மாட்டிவிட்டார். மெஷின் வாங்கின புதிதில் ஒருநாள் யாரோ மைக்கை அணைக்க மறந்து போய், காலை வேலை முழுதும் பதிவாகிவிட்டதாம். அவர் அதை அழிக்காமல் வைத்திருந்தார். இடியக்கா கேட்டாள். விசில் இருந்தது, அடியில் வண்டும் இருந்தது. இரண்டுக்கும் மேலே அவளுடைய குரலே இருந்தது. "வா ராஜா, அந்த மூலைக்கு வா. என் தங்கமில்ல! அதோ அங்க ஒரு துணுக்கு, விட்டுடாத!" என்று மெஷினைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பிறகு, முந்தின வாரம் கதவிடுக்கில் கேட்ட கதையிலிருந்து ஒரு கப்பல் தலைவனின் சூளுரையை, ஒரு சொல் பிசகாமல், முழங்கினாள்.

அவள் ஹெட்போனைப் பிடுங்கிக் கழற்றினாள். "அட கடவுளே! இதை யார் யார் கேட்டாங்க?"

"நான் மட்டும்தான். மனசு சரியில்லாதப்போ போட்டுக் கேப்பேன்" என்றார் அவர். முகத்தில் கேலி இல்லை. அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சரி, அந்த வண்டு எங்க போச்சு, அதைச் சொல்லுங்க" என்றாள்.

"அடியில ஏதாவது சுத்துதா?"

சுற்றுவது ஒன்று இருந்தது. வாய்ப் பகுதியில் மயிர் வைத்த உருளை பிரஷ். கம்பள இழைகளைக் கிளறி, அடியில் பதுங்கிய தூசியை எழுப்பித் தருவது அதுதான். வழுவழுத் தரைக்கு அது தேவையே இல்லை. வெறும் காற்றே போதும். மெஷினைச் சாய்த்துப் பிடித்து ஓட்டிப் பார்த்தார்கள். பிரஷ் சுற்றியது. கம்பளத்தில் இறக்கியதும் சத்தம் மாறியது. வண்டு செத்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீடு இரண்டு தெரு தள்ளி. சக்கரம் இருந்ததால், வளர்ப்பு நாயை நடத்திப் போவதுபோல் உருட்டிக்கொண்டே போனாள். கணவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஓரம் வைத்தார். மெஷினைக் கவிழ்த்து அடித்தட்டின் நாலு திருகாணிகளையும் கழற்றினார். உருளையில் முடியும் நூலும் கயிறுபோல் சுற்றி இறுகியிருந்தன. தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால், பிரஷின் ஒரு மயிர்கூட வெட்டுப்படாமல், அத்தனையையும் அறுத்தெடுத்தார்.

அவள் அந்தக் குப்பையைக் கிளறிப் பார்த்தாள். "இந்த நீல நூல் எங்கேருந்து வந்துச்சு? உங்க கடை நூலுதான். என் சேலையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. பாத்தீங்களா, பாதிக் குத்தம் உங்க மேல."

"அப்போ மீதிப் பாதி யார் மேல?" என்று கேட்டுக்கொண்டே அவர் பெல்ட்டை வெளியே எடுத்தார். ரப்பர் பெல்ட் தொளதொளத்துப் போயிருந்தது. உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. மூக்கருகே கொண்டு போனார். தீய்ந்த வாடை.

"நம்ம தையல் மெஷின்லயும் இப்படித்தான். பெல்ட் தளர்ந்தா சக்கரம் சுத்தும், மெல்லிசுத் துணி தைக்கும், தடிச்ச துணி வச்சா நின்னுடும். ஆனா எட்டு மாசத்துல இது இப்படி ஆகக் கூடாதே."

மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் சின்னதாக ஒரு குமிழ். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். குமிழ் ஒன்றில் இருந்தது. திருகினால் வாய்ப் பகுதி தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

"இவ்வளவு தடிச்ச கார்ப்பெட்டுக்கு இதை யாரு ஒண்ணுல வச்சது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இடியக்கா சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள் கடைசியில், அவளுக்கே கேட்காத குரலில். "வந்த அன்னிக்கே வச்சேன். கீழ இருந்தா நல்லா உறிஞ்சும்னு நினைச்சேன். உறிஞ்சலன்னதும் அழுத்தினேன்."

"துணியை அமுக்கிப் பிடிச்சா ஊசி எப்படி ஓடும்?" என்றார் அவர். சிரிப்பை அடக்கப் பார்த்தார். தோளிரண்டும் குலுங்கின. அவளுக்கு முதலில் கோபம், பிறகு அழுகை, அதன் பிறகு அவளும் சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அருகிலிருந்த உதிரிபாகக் கடையில் அந்தப் பெல்ட் இல்லை. வரவழைக்கப் பத்து நாள் ஆகுமாம். ஊரின் மறுகோடியில் ஒரு கடை இருக்கிறது, ஆறு மணிக்குள் போனால் கிடைக்கலாம் என்றார்கள். இருவரும் பேருந்து ஏறினார்கள். பெல்ட் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க உருளையையும் பழைய துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். நெரிசலில் இடிபடாமல் அவர் அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். இடம் கொடுக்க எழுந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டாள்.

"எட்டு" என்றார் தையல்காரர், முகம் மாறாமல். இடியக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வேலை விஷயமாக என்றாலும், அவர்கள் இப்படி ஒன்றாகப் பேருந்தில் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பெல்ட் கிடைத்தது. கடைக்காரர் கதவை இழுத்து மூடுகிற நேரத்தில்தான் கிடைத்தது.

திங்கட்கிழமை ஏழு மணி. குமிழை நான்கில் வைத்து, பொத்தானை அழுத்தினாள். விசிலுக்கு அடியில் வண்டு ரீங்கரித்தது. அழுத்தாமல், இரண்டு விரலால் பிடித்து நடத்தினாள். மெஷின் தானாகவே முன்னால் நகர்ந்தது. கால் மணி நேரத்தில் பை நிறைந்தது. இரண்டாவது பையும் நிறைந்தது. சாம்பல் நிறம் என்று எல்லோரும் நினைத்திருந்த கம்பளத்தில் மெல்ல மெல்ல ஒரு நீலம் எழும்பி வந்தது.

எட்டரைக்கு வந்த முதலாளியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். குனிந்து கம்பளத்தைத் தட்டினார். ஒன்றும் எழவில்லை. "மெஷின்லதான் கோளாறா அக்கா? நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இடியக்கா மெஷினை அணைத்தாள்.

"கோளாறு மெஷின்ல இல்லம்மா. நான்தான் தப்பா வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன். பெல்ட்டு அதனாலதான் போச்சு. இப்போ கத்துக்கிட்டேன். நீங்க வெளி ஆளுங்களக் கூப்பிடுறதுன்னா கூப்பிடுங்க. ஆனா எனக்கு முடியலன்னு மட்டும் சொல்லாதீங்க."

முதலாளியம்மா கைப்பேசியை எடுத்து அங்கேயே நின்று பேசினார். வேண்டாம், மதியம் வர வேண்டாம், இங்கே ஆள் இருக்கிறது என்றார். பேசி முடித்ததும் குமிழைக் காட்டச் சொன்னார். ஒன்றிலிருந்து ஐந்து வரை திருகிப் பார்த்தார். "எனக்குந்தான் இது தெரியாது" என்றார்.

அன்று மதியமே வாசிப்பவர் ஒரே மூச்சில் அரசர் சாகும் அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுப் போனார். சமையலறையில் இடியக்கா கழுவாத பாத்திரத்தோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை ஒலிப்பதிவுக்காரர் மட்டும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் தைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே அவள் தொடங்கிவிட்டாள். முதலாளியம்மா குனிந்தது, தட்டியது, தான் சொன்னது, அவர் சொன்னது, இரண்டாவது பை எவ்வளவு கனம் இருந்தது, கம்பளம் நீலம் என்று யாருக்குத் தெரியும் என்பது வரை, ஒன்றையும் விடவில்லை. அளவு கொடுக்க வந்த ஒருவர் கையை விரித்தபடியே நின்று முழுக் கதையையும் கேட்டார். தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவள் பக்கமாக நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார்.

"மழை வந்துடுச்சு" என்று அளவு கொடுக்க வந்தவரிடம் சொன்னார். "கொஞ்ச நேரம் ஆகும். உட்காருங்க."