நவமணியின் கையும் ஹத்துசா நகரமும்

லூனாஸ் தோட்டத்து நவமணிக்கு ஹத்துசாவைத் தெரியும் என்றால் யார் நம்புவார்கள்? கையுறைத் தொழிற்சாலையில் நின்றே கால் வீங்கியவள். சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் பழைய ஊர்களின் படம் பார்ப்பாள். துருக்கி மலைமேல் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னே ஹிட்டைட்டுகள் ஆண்ட தலைநகரம் ஹத்துசாதான் அவளுக்குப் பிடித்தது. ஆயிரம் சாமி கும்பிட்டவர்கள். எதுவானாலும் சாமியிடம் குறி கேட்பார்கள். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றுதான் பதில். 'இல்லை' வந்தால் கேள்வியை மாற்றி மறுபடி கேட்பார்கள். கடைசியில் சாமான்களை எடுத்துக்கொண்டு ஊரையே காலி செய்துவிட்டார்களாம். "நம்ம ஆளுங்க மாதிரிதான்லா" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு போன மாதத்தோடு சரி. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். திங்கட்கிழமை இயந்திரம் வந்து முனியாண்டி கோயிலை இடிக்கும். அதற்குள் அவரைப் புதுத் தாமான் குடியிருப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் பூக்கட்டிக் கேட்காமல் அவரை யார் தொடுவது? ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ; கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. ராசியான கை என்று நவமணியை எடுக்கச் சொன்னார்கள். மூன்று வெள்ளிக்கிழமையும் சிவப்பு. பாழாய்ப்போன கை!

ஞாயிறு காலை, கோயில் தலைவர் தர்மலிங்கத்திடம் கெஞ்சினாள். "கேள்விய மாத்துங்கண்ணே. எதுல கோவம்னு கேப்போம்."

படையலில் குறையா? சிவப்பு. புது இடம் பிடிக்கவில்லையா? அதற்கும் சிவப்பு. ஒரு குறையும் இல்லை என்றால், அப்போது வரலாமே? மறுபடியும் சிவப்பு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முனியாண்டியிடம் இதற்கு மேல் என்னதான் கேட்பது?

தர்மலிங்கம் கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டலத்தையும் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தார். "கடைசியா ஒரு வாட்டி, தங்கச்சி."

வெள்ளை!

சனம் தரையில் விழுந்து கும்பிட்டது. நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள். மிச்சப் பொட்டலம் அவிழ்ந்தது. அதிலும் வெள்ளை.

அவள் நிமிர்ந்து தர்மலிங்கத்தைப் பார்த்தாள். "நாளைக்கு மெஷின் வந்துரும்மா," என்றார் மெதுவாக. "நான் என்ன செய்வேன்?"

நவமணி அந்த இரண்டாவது பூவை யாரும் பார்க்குமுன் கைக்குள் கசக்கி மறைத்தாள்.

லோரியில் முனியாண்டிக் கல்லை அவள் மடியில்தான் வைத்தார்கள். ஹத்துசாவிலும் கடைசி நாளில் யாராவது இப்படி இரண்டிலும் 'ஆமாம்' என்றே கட்டிக் கொடுத்திருப்பார்களோ? தோட்டத்து முனை தாண்டும்போது குனிந்து, "கூட வந்துட்டீங்களாய்யா?" என்று கேட்டாள். கல் மடியில் கனத்தது, அவ்வளவுதான்.