இடது மூலைக்குப் போன பந்து

ராஜபாண்டி அண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஆறடி இரண்டு அங்குலம். சிரிப்பு வந்தால் வாய் விரியும் முன்பே காது அசையும். வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனிக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. விளையாடத்தான் சம்பளம். ஆனாலும் மதியம் வரை ஆளுக்கொரு வேலை தருவார்கள். அண்ணன் தையல் லைனுக்குச் சூப்பர்வைசர். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த என்னை உயரத்துக்காக எடுத்தார்கள். மூளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆட்டத்தில் அண்ணன் நிற்பது இடது மூலை. யார் திணறினாலும் பந்து அங்கே போகும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். பயிற்சியில் அவர் தண்ணீர் குடிக்கப் போகும் நேரம் பார்த்து, "இங்க போடுறா" என்று அவர் குரலிலேயே கத்துவேன். அதை நம்பி சசிகுமார் மூலைக்கு வீசுவான். பந்து காம்பவுண்டைத் தாண்டி முள்ளுக்குள் போகும். எடுத்துவர அண்ணன் என்னைத்தான் அனுப்புவார்.

பிப்ரவரியில் ஒருநாள் எம்பிக் குதித்து இறங்கும்போது அவர் முழங்கால் திரும்பிவிட்டது. ஜவ்வு கிழிந்திருக்கிறது, எட்டு மாதம் ஆடக்கூடாது என்றார் டாக்டர். அண்ணனின் ஒப்பந்தமோ மார்ச்சோடு முடிகிறது. ஆடாத காலுக்கு எந்தக் கம்பெனி கையெழுத்துப் போடும்? செக்கிங் டேபிளில் அவர் மனைவி அபிராமி அக்கா இரண்டு நாளாக ஓட்டைப் பனியன்களையெல்லாம் நல்லதென்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவரில்லாத முதல் ஆட்டத்தில் ஐந்து முறை பந்து இடது மூலைக்குப் போனது. அங்கே ஆளில்லை. அதில் இரண்டு நான் வீசியது. கூட்டம் சிரித்தது. இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

மறுநாள் அண்ணன் ஊன்றுகோலோடு மைதானத்துக்கு வந்தார்.

"ஏண்டா கவினு, காலர் தைக்கிற அக்கா லீவு போட்டா லைன நிறுத்திருவமா?"

"இல்லீங்கண்ணா."

"அந்த வேலைய மூணாப் பிரிச்சு மூணு பேருக்குக் குடுக்கோம்ல. அதேதான்."

மூலையிலிருந்து எறிவது சசிகுமாருக்கு. பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணிப் பக்கம் கொண்டுபோவது பிரபாகருக்கு. "கத்துறது நீ. எங்குரல வச்சு ஏமாத்துனது போதும், இனி அது வேலைக்கு ஆகட்டும்."

"எல்லாத்தையும் பிரிச்சுக் குடுத்துட்டா உங்களுக்கு என்னங்கண்ணா மிச்சம்?"

"வாய மூடிட்டு ஓடுறா."

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தோம். மேனேஜர் தங்கராஜ் கெட்டவரில்லை, சந்தோஷத்தில்தான் சொன்னார்: "பரவால்லீங்களே, அவரில்லாமயே ஓடுதுங்க." பக்கத்தில் நின்ற அண்ணன் ஊன்றுகோலின் ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். ஓட்டல் பரோட்டா சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஆட்டம் மங்கலத்தில். மேனேஜரும் பெஞ்சில் இருந்தார். பாதி ஆட்டத்தில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். நான் அண்ணனிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். காற்றுதான் வந்தது.

"ஐஸ் தின்னியாடா?"

தலையாட்டினேன்.

இடைவேளை முடிந்ததும் கத்த ஆளில்லாமல் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது. அண்ணன் ஒற்றைக் காலில் எழுந்து நின்றிருந்தார். "பிரபா, நிக்காத. சசி, மூல." எதிராளி திரும்பும் முன்பே அவன் எங்கே திரும்புவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இத்தனை நாள் திருடியது வெறும் சத்தத்தை மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இடது மூலைக்குப் பந்து போனது. சசிகுமார் அங்கே இருந்தான்.

நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

மேனேஜர் அண்ணனிடம் வந்தார். "மார்ச்சுல கையெழுத்துப் போட வந்துருங்க ராஜபாண்டி. இந்த வருசத்துக்குக் கோச்சுன்னு எழுதிக்கலாமுங்க. காலு ஆறட்டும், அப்பறம் பாக்கலாம்."

அண்ணனின் காது அசைந்தது.

திரும்பும் வேனில் ஊன்றுகோலால் என் முட்டியில் தட்டினார். "தொண்ட எப்படிடா இருக்கு?"

"ஊட்டுக்குப் போனாச் சரியாயிருமுங்கண்ணா" என்றேன், மறந்துபோய், முழுக் குரலில்.

வேனே திரும்பிப் பார்த்தது. அண்ணன் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடுத்த மேட்சுக்கும் ஐஸ் தின்னுறாத" என்றார். "கோச்சு திட்டுவாரு."