மரியதாஸ் அண்ணை விட்ட பிழை

மரியதாஸ் அண்ணை இன்று விடிய இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்... அவருடைய மனைவி ரெஜினா அக்கா எனக்குப் போன் எடுத்தபோது நான் லண்டன் வெம்பிளியில் பஸ்ஸுக்கு நின்றேன்.

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. மன்னார்க்காரர். பார்க் ரோயலில் ஒரு சான்ட்விச் பாக்டரியில் பதினொரு வருடம் என்னோடு ஒரே பெல்ட்டில் வேலை செய்தவர். நான் பாண் துண்டில் முட்டை வைப்பேன், அவர் மற்றத் துண்டால் மூடுவார்.

பெல்ட் நிற்கும் நேரங்களில் அவருடைய இடது கை விரல்கள் மேசை விளிம்பில் தானாக ஆடும். ஏதோ நரம்பு வருத்தம் என்று பயந்துபோய், "அண்ணை, ஒருக்கா ஜீபி டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்றேன்.

"காட்டினாலும் மாறாது தங்கச்சி." அவ்வளவுதான் பதில்.

போன வருடம் ஒருநாள் ஷிப்ட் முடிந்து அவருடைய காரில் வந்துகொண்டிருந்தோம். என் மகள் அபி வாட்ஸ்அப்பில் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தாள். பேஸ் கிற்றார் பழகுகிறாள். வாசித்தது எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீடுகளில் ரேடியோ ஓயாமல் பாடிய ஒரு பொப் பாட்டு. சத்தத்தைக் கூட்டிப் போட்டேன்.

அண்ணை காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"ஆர் இது வாசிக்கிறது?"

"என்ரை மகள் அண்ணை. யூடியூபிலை கேட்டுப் பழகினவள்."

"ரெண்டாம் சரணத்துக்கு முன்னாலை ஒரு நோட் பிழை."

"பிழையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரெக்கோர்டிங்கிலை அந்தப் பிழையை விட்டது நான்தான்."

பதினொரு வருடம்... ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்போது அவருக்கு இருபது வயதாம். கொழும்பில் ஸ்டூடியோ நேரம் முடிந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியவில்லை. இசைத்தட்டு பிழையோடேயே வந்தது. அடுத்த பாட்டுக்கு பேண்ட் தலைவர் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இவர் கிற்றாரைத் தொடவேயில்லை.

"பிள்ளை பிழையாய்ப் பழகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வந்து சரியானதைச் சொல்லிக் குடுக்கிறன்" என்றார்.

வந்தார். அயர்ன் பண்ணிய சட்டை. சோபாவின் நுனியில் இருந்தார்.

அபி ஒத்துக்கொள்ளவில்லை. "நோ அங்கிள், ப்ளீஸ்... அந்த நோட்டாலைதான் எனக்கு இந்தப் பாட்டே பிடிச்சது. எல்லாரும் அப்பிடித்தான் வாசிக்கினம்."

போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். டொராண்டோவில் ஒரு பெடியன். பாரிஸில் அக்காவும் தங்கையும். குரோய்டனில் ஒரு பள்ளிக்கூட பேண்ட்... எல்லோருடைய விரலும் அந்த இடத்தில் அதே மாதிரித் தவறியது.

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் மறந்திருப்பினம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்..."

அபி கிற்றாரை நீட்டினாள். "ஏலாது பிள்ளை" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பிறகு, போகிற நேரம் வாசலில் நின்று, தயங்கித் தயங்கி, "பழசு ஒண்டு கிடந்தால் தாவன்..."

அபியின் பழைய கிற்றாரைக் காரின் பின் சீட்டில் வைத்து சீட் பெல்ட்டும் போட்டுக் கொண்டுபோனார்.

வருகிற சனிக்கிழமை டூட்டிங்கில் ஒரு மண்டபத்தில் அபியின் பேண்ட் வாசிக்கிறது. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அண்ணை மேடையேறுவதாக இருந்தது.

ரெஜினா அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னார். "நேற்றும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தவர். எல்லாம் வருகுதாம், அந்தப் பிள்ளையள் மாதிரி அந்த இடத்திலை பிழை விடத்தான் வருகுதில்லையாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர்..."

வீட்டுக்கு வந்து அபியிடம் சொன்னேன்.

"சனிக்கிழமை கான்சல் பண்ணுவமோ?"

"நோ அம்மா. நாங்கள் வாசிப்பம்."

பிறகு அந்தப் பழைய பாட்டின் யூடியூப் பக்கத்தைத் திறந்தாள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கிறது. கீழே கமென்ட்டில் தட்டித் தட்டித் தமிழில் எழுதினாள்.

பேஸ் கிற்றார்: மரியதாஸ், மன்னார்.

அண்ணை... இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும், நீங்கள் வாசித்து ஒரு பாட்டு நான் நேரில் கேட்கவில்லையே.

ஒரேயொரு பாட்டு.

சுகமாய்ப் போங்கோ.