சோப்பு அண்ணன் சொல்லாத ‘அடி’

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது நடந்தது. திரித்த கயிறு இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் சோப்பு அண்ணனின் வலது கையை முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அவர் நீட்ட மாட்டார், அது வேறு விஷயம்.

பேய் என்றால் ராத்திரியாக இருக்க வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். தெரு மொத்தமும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம். நாயும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அதன்மேல் பழி போட வேண்டாம்.

சோப்பு அண்ணன் கார் மெக்கானிக். ஆனால் அவருக்கு அழுக்கு ஆகாது. மீன்காரருக்கு மீன் வாடை ஆகாது என்பது மாதிரி இருக்கிறதா? அப்படித்தான். ஒரு நட்டைக் கழற்றினால் ஒரு தடவை கை கழுவுவார். நகக்கண்ணில் கறுப்பு தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஷெட்டில் ஆயிலைவிட சோப்புதான் அதிகம் செலவாகிறது என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். பெண் பார்க்கப் போனபோது அவர் கை இருந்த வெளுப்பைப் பார்த்து, “மெக்கானிக்னு சொன்னது பொய்யா இருக்குமோ?” என்று மாமனார் ரகசியமாக விசாரித்தாராம்.

அந்தச் சுத்தத்தில் ஒரு சட்டமும் இருந்தது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்ற வேண்டுமென்றால் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருக வேண்டும். அண்ணன் கீழே படுத்திருப்பார். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியாது. குரல் ஒன்றுதான் கணக்கு. அண்ணன் கையை வெளியே எடுப்பார். துணியில் சரக்... சரக்... என்று துடைப்பார். அதற்குப் பிறகுதான், சாவியைத் திருகச் சொல்லி, “அடி!” என்பார். துடைக்காமல் ஒருநாளும் சொன்னதில்லை. கூடத் தொழில் படித்தவர்களில் விரல் குறைந்தவர்கள் நிறைய. அண்ணனுக்குப் பத்தும் பத்திரம்.

அன்றைக்கு வண்டியைக் கொண்டுவந்தவன் அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. கட்... கட்... கட்... கட்...

“மாமா, நாளைக்குக் காலைல கம்பெனி ஆளுங்களை ஏத்தணும். இன்னைக்கே முடிச்சிரணும். அக்காகிட்ட சொல்லிட்டேன்.”

அக்காவிடம் சொல்லியாகிவிட்டது என்றால் மேல்முறையீடு கிடையாது.

“யார்கிட்டடா வாங்கின?”

“புரோக்கர்தான். நல்ல மனுஷன் மாமா.”

“நல்ல மனுஷன் எதுக்குடா புரோக்கர் ஆனான்?”

பானட்டைத் தூக்கினார். குப்பென்று ஒரு நாற்றம். ஈரப் பனியனில் எலியைச் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டிவைத்தால் வருமே, அது. அண்ணன் நாலு அடி பின்னால் போய்விட்டார்.

“உள்ள என்னடா செத்துக் கிடக்கு?”

“எனக்கு ஒண்ணும் வரலையே மாமா.”

அவன் மூக்கு எப்போதுமே பேருக்குத்தான்.

துணியை மூக்கில் கட்டிக்கொண்டு பார்த்தார். கோளாறு பளிச்சென்று தெரிந்தது. கிராங்க் புல்லி. இன்ஜினின் நடுத்தண்டு மூக்கில் மாட்டியிருக்கும் கனத்த சக்கரம். பெல்ட்டு அதன்மேல்தான் ஓடும். அது தண்டோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். இதுவோ கள்ளுக்கடை வாசலில் நிற்பவன் மாதிரி ஆடியது. புல்லியின் நடு ஓட்டை தேய்ந்து அகன்றுபோயிருக்க வேண்டும். சின்ன வேலைதான். புதுப் புல்லி போட்டால் தீர்ந்தது.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, பக்கவாட்டில் படுத்தார். புல்லியைச் சுற்றி அழுக்கு. கிரீஸ் அழுக்கு அவர் பார்க்காததா? ஆனால் இது வேறு. புண்மேல் காய்ந்த பொருக்கு மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். கீழே ஈரம். வெதுவெதுவென்று. வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மற்ற இரும்பெல்லாம் ஆறிவிட்டது. அது மட்டும் ஆறவில்லை.

துடைத்தார். துணி கறுப்பாகவில்லை. பழுப்பாயிற்று. அதில் சின்னச் சின்னதாக மயிர். புறங்கை மயிர் நீளம்.



எழுந்துபோய்க் கழுவினார். வந்து படுத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் ஈரம்.

“எலி அடிபட்டிருக்கும் மாமா,” என்றான் மைத்துனன்.

“எலிக்கு வேர்க்குமாடா?”



புல்லிதான் ஆடியதே தவிர, அதைப் பிடித்திருந்த போல்ட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. போல்ட்டில் நீளக் கம்பியைக் கொடுத்துத் தரையில் முட்டுக் கொடுத்துவிட்டு, சாவியை ஒரு தட்டுத் தட்டினால் இன்ஜினே சுற்றிப் போல்ட்டை விடுவித்துக்கொள்ளும். மைத்துனனைச் சீட்டில் ஏற்றிவிட்டு, கம்பியை வைத்தார். கையை எடுத்தார். சரக்... சரக்...

“அடி!”

டொக்! விட்டுக்கொடுத்தது.

“ஒரு தடவை சொன்னா போதாதா? நான் என்ன செவிடா?” என்றான் மைத்துனன்.

“ஒரு தடவைதானே சொன்னேன்.”

“ரெண்டு கேட்டுச்சு மாமா.”

“தகரக் கூரை. எதிரொலி.”

சொல்லிவிட்டாரே தவிர, அந்தக் கூரை அதுவரை எதிரொலித்ததே இல்லை.

போல்ட்டைக் கழற்றிய கையோடு பேட்டரிமேல் கண் போனது. அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை பூத்திருந்தது. அழுக்கில் இது வேறா? அவருக்குப் பொறுக்கவில்லை. ரெண்டு வயரையும் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயட்டும் என்று ஓரமாக விட்டுவைத்தார். யாரும் சொல்லாத வேலை. மைத்துனன் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் கவனிக்கவில்லை.

புல்லியை இழுத்தார். இழுக்கவே வேண்டாம்... தானாகக் கையில் வந்து உட்கார்ந்தது. கனமாக, வெதுவெதுவென்று. இந்தா பிடி என்று யாரோ கொடுத்த மாதிரி.

தண்டின்மேல் புல்லி வழுக்காமலிருக்க நடுவே காடி என்று ஒரு பள்ளம் இருக்கும். அதில் அரைநிலா வடிவில் ஓர் இரும்புத் துண்டு செருகியிருக்கும். அண்ணன் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

அரைநிலா இருந்தது.

இரும்பு இல்லை.

ஊசியால் நெம்பி உள்ளங்கையில் போட்டுக்கொண்டார். மஞ்சள். வரிவரியாக. அடியில் கொஞ்சம் காய்ந்த தோல்.

“என்ன மாமா அது?”

“நகம். கட்டைவிரல் நகம்.”

“யாரோடது?”

“விலாசம் எழுதலைடா!”

வாய்தான் வேடிக்கை பேசியது. கால் ஓடியது. குழாயடியில் குனிந்தவர், சாப்பிட்டது மட்டுமில்லை, சாப்பிட நினைத்திருந்ததையும் சேர்த்துக் கக்கினார். நகத்தைச் சாக்கடையில் எறிந்தார். கையைத் தேய்த்தார், தேய்த்தார், தோல் சிவக்கத் தேய்த்தார். சோப்பு பாதி கரைந்தது. முகர்ந்து பார்த்தார்.

போகவில்லை.

வேலையை விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அக்கா இருக்கிறாளே. பேயாவது ஒரு நாள் பயமுறுத்திவிட்டுப் போய்விடும்.

தண்டைச் சுத்தமாகத் துடைத்தார். புது அரைநிலாத் துண்டு. புதுப் புல்லி. புது போல்ட்டு. இறுக்கிப் பார்த்தார், ஒரு மயிரளவுகூட ஆடவில்லை. பாக்கி பெல்ட்டு மட்டும்தான். புது பெல்ட்டு என்பதால் முறுக்காக இருந்தது. புல்லியின் விளிம்பில் அதை ஏற்றி, வலதுகை விரல்களை இடுக்கில் விட்டு நெம்பித்தான் உள்ளே தள்ள வேண்டும். அந்த நேரத்தில் இன்ஜின் அரைச்சுற்றுச் சுற்றினாலும் போதும். பெல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே விரல் என்று எதுவும் மிஞ்சாது. அண்ணனுக்குச் சோறு போடுவது அந்தக் கைதான்.

மைத்துனன் மறுபடியும் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

“நான் சொல்ற வரைக்கும் சாவியில கை வைக்காதே.”

“தெரியும் மாமா.”

விரல்களை உள்ளே விட்டார்.

நெம்பினார்.

ஈ ஒன்று வந்து அவர் மணிக்கட்டில் உட்கார்ந்தது. இடதுகை பெல்ட்டைப் பிடித்திருந்தது, ஓட்ட முடியவில்லை.

அப்போது...

இன்ஜினுக்கு அந்தப் பக்கம்...

சரக்... சரக்...

துணியில் கை துடைக்கும் சத்தம்.

அண்ணனின் கை உள்ளே இருந்தது.

நாற்றம் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. மூச்சு விடுவது மாதிரி... விட்டு விட்டு.

“அடி!”

அவருடைய குரல்.

அச்சு அசல் அவருடைய குரல்.

மேலே, டக்!

சாவி திரும்பியது.

...

ஒன்றும் நடக்கவில்லை.

பேட்டரி வயர்கள் ஓரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணனே அதை மறந்துபோயிருந்தார்.

அண்ணன் கையை உருவினார். புறங்கைத் தோல் கொஞ்சம் கிழிந்தது. எண்ணினார். அஞ்சு. மறுபடியும் எண்ணினார். அஞ்சுதான்.

“ஸ்டார்ட்டர் போயிருச்சா மாமா?” என்று மேலிருந்து கேட்டான்.

“யார்றா உன்னைச் சாவியத் திருகச் சொன்னது?”

“நீங்கதான். கையத் துடைச்சீங்க. அப்புறம்தான் சொன்னீங்க. வழக்கம்போல!”

  அண்ணனின் கண்ணெதிரே புல்லி அசைந்தது.

பேட்டரி இல்லை. சாவி இல்லை. கை வைத்தவர் யாருமில்லை.

மெதுவாக...

க்ர்ர்...

பெல்ட்டை இழுத்துக்கொண்டு...

அரைச்சுற்று. விரல் இருந்த இடம் இடுக்குக்குள் போகும்வரை.

நின்றது.

அண்ணன் தவழ்ந்தே வெளியே வந்தார். துணி எங்கே? அவர் அதைப் போட்டிருந்தது வலது மட்கார்டில். இருந்தது இடது மட்கார்டில். விரித்துப் பார்த்தார். ஈரமாக, பழுப்பாக ஒரு கைத்தடம். நாலு விரல்.

கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் துணி வெள்ளையாக இருந்தது.

மைத்துனன் அதைப் பார்த்தான். அவன் மூக்குக்கும் அன்றைக்குத்தான் முதல்முதலாக வாடை தெரிந்தது. அக்காவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான்.

இத்தோடு விட்டிருந்தால் வெறும் மத்தியான மயக்கம் என்று நீங்களும் விட்டுவிடலாம். அண்ணன் விடவில்லை. புரோக்கரைப் பிடித்து உலுக்கினார். அவன் ஊருக்கு மறுகோடியில் ஒரு பெயிண்டரின் வீட்டைக் காட்டினான். அந்த வண்டிக்கு முன்னொரு தடவை வேலை நடந்தபோது கூட இருந்தவராம்.

பெயிண்டர் கதவைப் பாதி திறந்து, வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். கை நிறைய நீல பெயிண்ட்டு. அண்ணன் புரோக்கர் பேரைச் சொன்னார், வண்டி நிறத்தைச் சொன்னார். பெயிண்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“எங்க மெக்கானிக்குதாங்க. பெல்ட்டு மாட்டும்போது கை உள்ள போயிருச்சு. அழுகி, ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துட்டாரு. கட்டைவிரல் கடைசிவரைக்கும் கிடைக்கல. அப்படியே எல்லாத்தையும் மாட்டி வண்டிய வித்துட்டாங்க.”

“சாவியத் திருகினது யாரு?”

“நான்தான்.” பெயிண்டர் விரலில் ஒட்டியிருந்த நீலத்தைச் சுரண்டினார். “அவரு சொன்னாருன்னு நினைச்சுத்தான் திருகினேன். சாகிற வரைக்கும் நான் சொல்லவே இல்லைன்னாரு. யோசிச்சுப் பார்த்தா அவரு சொல்லியிருக்க முடியாது. துணியில கை துடைக்கிற சத்தம் கேட்டுச்சு, அதுக்கப்புறம்தான் குரல் வந்துச்சு. எங்க ஆளு ஜென்மத்துல கை துடைச்சதில்லைங்க. அந்தக் கையோடயே சோறு தின்பாரு.”

“அப்போ யார் குரல் அது?”

 நீங்கள் வந்ததிலிருந்தே அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது மாதிரி பெயிண்டர் அவரையே பார்த்தார்.

“அந்த வார்த்தைய நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன்,” என்றார்.



“அடி...”

மெதுவாகத்தான் சொன்னார்.

பெயிண்டரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“போயிருங்க... இதே குரல்தான். இதே சத்தம்தான்.”

எந்தச் சத்தம் என்று கேட்க வாயெடுத்த அண்ணன் குனிந்து பார்த்தார்.

அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், அவர் கை இடுப்பில் செருகியிருந்த துணியில் தன்னைத் துடைத்துக்கொண்டிருந்தது.